ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால்...

ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். விடை என்ன? காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பள்ளியில் படித்த முறை பலருக்கும் நினைவிருக்கும். கலப்புப் பின்னமான 1¾-ஐ 7/4 என மாற்றிக்கொள்ள வேண்டும். வகுக்கும் பின்னமான ½-ஐத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். 7/4 × 2/1 = 14/4. சுருக்கினால் 7/2, அதாவது மூன்றரை. பயிற்சியுள்ள மாணவர் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார்.

இப்போது இரண்டாவது கேள்வி. இந்தக் கணக்கு எங்கே தேவைப்படும்? அன்றாட வாழ்வில் ஒன்றே முக்காலை அரையால் வகுக்க நேரும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இங்கேதான் பலரும் தடுமாறிவிடுகிறோம். "ஒன்றே முக்கால் அடையை இருவருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று ஒருவர் சொல்லக்கூடும். அது அரையால் வகுத்தல் அன்று, இரண்டால் வகுத்தல். "ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரையில் பாதியைச் செலவழித்தால் எவ்வளவு?" என்று இன்னொருவர் கேட்கலாம். அது அரையால் பெருக்கல். இரண்டுக்கும் விடை ⅞. மூன்றரை எங்கே, ஒன்றுக்கும் குறைவான இந்த விடை எங்கே!

சரியான கணக்கு இப்படி இருக்கலாம்: ஒன்றே முக்கால் லிட்டர் எண்ணெய் இருக்கிறது. அதை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டி நிறையும்? மூன்று புட்டிகள் நிறைந்து, நான்காவது புட்டி பாதி நிறையும். மூன்றரைப் புட்டி. கணக்கு சரியாகிவிட்டது.

ஆனால் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "மிஞ்சியது கால் லிட்டர்தானே? அப்படியானால் விடை மூன்றே கால் அல்லவா?" என்று கேட்டால்? அவள் கேட்பது மூடத்தனமான கேள்வி அன்று. மூன்று என்பது புட்டிக் கணக்கு. கால் என்பது லிட்டர் கணக்கு. இரண்டையும் அவள் கலந்துவிட்டாள். அந்த இடத்தைச் சட்டென்று கண்டுகொண்டு, "கால் லிட்டர் என்பது எத்தனை புட்டி?" என்று ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கும் ஆசிரியர் வாய்த்தால், அவளுக்குப் பின்னம் விளங்கிவிடும். "தலைகீழாக்கிப் பெருக்கு, கேள்வி கேட்காதே" என்பவர் வாய்த்தால், கணக்கு தனக்கு வராது என்ற முடிவுக்கு அன்றே அவள் வந்துவிடக்கூடும்.

இவ்விரு ஆசிரியர்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன? அது எப்படி உண்டாகிறது? கல்வி ஆராய்ச்சியாளர்கள் நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா இது.

இரு நாட்டு ஆசிரியர்கள்

ஒன்றே முக்கால் கணக்கு நாம் புனைந்தது அன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெபோரா பால் என்ற அறிஞர் ஆசிரியர்களிடம் கேட்பதற்காக அமைத்த வினாக்களுள் ஒன்று. இவ்வினாக்களை எடுத்துக்கொண்டு அமெரிக்க ஆசிரியர்களையும் சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டவர் லிப்பிங் மா என்ற பெண்மணி. இவருடைய வரலாறே சுவையானது. சீனாவில் பண்பாட்டுப் புரட்சி நடந்தபோது இவர் ஷாங்காய் நகரில் எட்டாம் வகுப்பு மாணவி. சிற்றூர் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியையானார். பின்னர் அமெரிக்கா சென்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இவருடைய ஆய்வு நூல் 1999-இல் வெளிவந்தது.

ஆய்வில் இடம்பெற்றவர்கள் 23 அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் 72 சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் ஆவர். முடிவுகள் பலரையும் திடுக்கிடச் செய்தன. அமெரிக்க ஆசிரியர்களில் 21 பேர் 1¾ ÷ ½ என்ற கணக்கைப் போட முயன்றனர். சரியான விடையை முழுமையாகக் கண்டவர்கள் 9 பேர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டனர். பொருத்தமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுமாறு கேட்டபோது வேறுபாடு இன்னும் பெரிதாயிற்று. அமெரிக்கர் 23 பேரில் ஒருவர் மட்டுமே கருத்துப் பிழையற்ற நிகழ்ச்சியைச் சொன்னார். சீன ஆசிரியர்களில் 65 பேர் சொன்னார்கள்; சிலர் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சொன்னார்கள்.

சீன ஆசிரியர்கள் அதிகம் படித்தவர்கள் போலும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர் பள்ளியிலும் கல்லூரியிலுமாக 16 முதல் 18 ஆண்டுகள் படித்தவர்கள். சீன ஆசிரியர்களோ ஒன்பதாம் வகுப்பு முடித்து, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகள் பயின்றவர்கள். மொத்தம் 11 அல்லது 12 ஆண்டுகளே.

இத்தனை சிறிய எண்ணிக்கையைக் கொண்டு இரு பெரும் நாடுகளை எடைபோட்டுவிட முடியாது என்பது சரிதான். சீனர் எல்லோரும் கணக்கில் புலிகள், அமெரிக்கர் எல்லோரும் மக்குகள் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது பேதைமை. குறைவாகப் படித்தவர்களிடம் ஆழமான அறிவு எப்படி வந்தது என்பதே இந்த ஆய்வு எழுப்பும் நல்ல கேள்வி.

கடன் கொடுத்தது யார்?

அந்த அறிவு எத்தகையது என்பதை இன்னும் எளிய கணக்கு ஒன்றால் பார்ப்போம். 52-இலிருந்து 25-ஐக் கழிக்க வேண்டும். "இரண்டிலிருந்து ஐந்து போகாது; பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு; பன்னிரண்டிலிருந்து ஐந்து போனால் ஏழு." நாமும் இப்படித்தான் படித்தோம். அமெரிக்காவிலும் 'கடன் வாங்குதல்' என்றே வழங்குகிறது.

இந்தக் கடனைச் சற்று ஆராய்வோம். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? இந்தக் கடனை யாரும் எப்போதும் திருப்பிக் கொடுப்பதில்லை! மேலும், ஒன்று கடன் வாங்கினால் அது எப்படிப் பத்தாகிறது? கூர்மையான பிள்ளை எவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. 52 என்பது ஒரே எண். ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்தது. அதை நான்கு பத்துகளும் பன்னிரண்டு ஒன்றுகளுமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறோம். எண்ணின் மதிப்பு சிறிதும் மாறவில்லை. பத்து ரூபாய்த் தாளை மாற்றிப் பத்து ஒரு ரூபாய் நாணயங்களாக வைத்துக்கொள்வது கடனாகுமா? 'கடன்' என்ற சொல்லோ, 5-உம் 2-உம் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தனித்தனியே குடியிருக்கும் இரண்டு எண்கள் என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனத்தில் விதைத்துவிடுகிறது.

லிப்பிங் மா கேட்டபோது, அமெரிக்க ஆசிரியர்களில் நூற்றுக்கு 83 பேர் செய்முறையை மட்டுமே விளக்கினர். சீன ஆசிரியர்களில் அவ்வாறு நின்றுவிட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர். மற்றவர்கள் பத்தைப் பிரித்தல், சேர்த்தல் என்ற கருத்தைக் கொண்டு விளக்கினர். இன்னும் ஒன்று: இந்தக் கழித்தலை அவர்கள் தனிக் கணக்காகக் காணவில்லை. இருபதுக்குட்பட்ட கழித்தல் ஐயமறத் தெரிந்தால்தான் இது வரும். இது வந்தால்தான் நூறு, ஆயிரம் வரும் என்று, முன்னும் பின்னும் கொக்கி மாட்டிய ஒரு சங்கிலியாகக் கண்டனர்.

மற்றொரு வினாவும் குறிப்பிடத்தக்கது. மாணவி ஒருத்தி ஆசிரியரிடம் வந்து, "சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்று நானே கண்டுபிடித்தேன்" என்கிறாள். சான்றாக, 4 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தையும், 8 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தையும் வரைந்து காட்டுகிறாள். சுற்றளவு 16-இலிருந்து 24 ஆகிறது. பரப்பு 16-இலிருந்து 32 ஆகிறது. என்ன சொல்வது? அமெரிக்க ஆசிரியர்களில் மிகச் சிலரே தாமாக ஆராய முற்பட்டனர். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் உடனே தாள் எடுத்துப் போட்டுப் பார்த்தனர். அவர்களிலும் சிலர் தவறான முடிவுக்கு வந்ததுண்டு. ஆயினும் ஆராயத் தயங்கவில்லை. (10 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தை வரைந்து பாருங்கள். மாணவியின் விதி எங்கே முறிகிறது என்பது தெரியும்.)

ஆசிரியருக்கே உரிய அறிவு

கணக்குத் தெரிந்தவர் எல்லோரும் கணக்கு வாத்தியார் ஆகிவிட முடியாது என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. அப்படியானால் கூடுதலாகத் தேவைப்படுவது என்ன? குரல் வளமா, பொறுமையா, பிரம்பா? நீண்ட காலம் இதற்குத் தெளிவான விடை இல்லை. 1875-இல் கலிபோர்னியாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கு நடந்த தேர்வின் மொத்த மதிப்பெண் 1000. அதில் கற்பிக்கும் முறைக்கு ஒதுக்கப்பட்டது 50 மதிப்பெண்ணே. மீதியெல்லாம் பாட அறிவு. நூறாண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துவது, வகுப்பை எப்படி அடக்குவது என்பன போன்றவையே முதன்மை பெற்றன. பாட அறிவு பின்னுக்குப் போய்விட்டது.

இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியவர் ஸ்டான்போர்டு பேராசிரியர் லீ ஷுல்மன். 1986-இல் வெளியான கட்டுரையில் அவர் மூன்றாவது வகை அறிவு ஒன்று உண்டு என்றார். அதைத் தமிழில் 'கற்பித்தல்சார் பாட அறிவு' எனலாம். ஒரு கருத்தைப் பிள்ளைகள் எங்கே தவறாக விளங்கிக்கொள்வார்கள், எந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும், எந்த எடுத்துக்காட்டு காலை வாரிவிடும் என்பவை இந்த அறிவைச் சேர்ந்தவை. மேலே கண்ட 'மூன்றே கால்' குழப்பத்தை முன்கூட்டியே எதிர்பார்ப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணித மேதைக்கு அது தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. ஆசிரியருக்கு அது இல்லாமல் முடியாது.

இதை அளக்க முடியுமா? டெபோரா பாலும் ஹெதர் ஹில்லும் அவர்களுடைய குழுவினரும் அதற்கென்றே வினாக்களை உருவாக்கினர். ஒன்றைப் பாருங்கள். 35 × 25 என்ற கணக்கை மூன்று மாணவர்கள் மூன்று விதமாகப் போடுகிறார்கள். ஒருவர் 125-உடன் 750-ஐக் கூட்டுகிறார். இன்னொருவர் 175-உடன் 700-ஐக் கூட்டுகிறார். மூன்றாமவர் 25, 150, 100, 600 என நான்கு எண்களைக் கூட்டுகிறார். மூவருக்கும் விடை 875. யாருடைய முறை எந்த இரண்டு எண்களுக்கும் பொருந்தும்? விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் நின்ற நிலையில் முடிவு செய்ய வேண்டிய சிக்கல் இது. (மூன்றுமே பொருந்தும். ஏன் என்பதை வாசகர்கள் கண்டுபிடிக்கலாம். மூன்றாமவர் எண்களை எப்படி உடைத்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.)

இத்தகைய வினாக்களுக்கு ஆசிரியர்கள் அளித்த விடைகளை, 115 அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் படித்த ஒன்றாம், மூன்றாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ மூவாயிரம் பேரின் முன்னேற்றத்தோடு 2005-இல் ஒப்பிட்டனர். இவ்வறிவில் மேம்பட்ட ஆசிரியரிடம் படித்த குழந்தைகள் ஓராண்டில் கூடுதலாகக் கற்றிருந்தனர். சராசரி ஆசிரியருக்கும் ஓரளவு மேம்பட்ட ஆசிரியருக்கும் இடையே இருந்த வேறுபாடு, குழந்தை இரண்டு முதல் மூன்று வாரங்கள் கூடுதலாகப் பள்ளி சென்றதற்கு ஒப்பாக இருந்தது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அது ஓராண்டுக் கணக்கு. ஒரு பிள்ளை ஆண்டுதோறும் அத்தகைய ஆசிரியர்களையே பெற்றால், அல்லது ஆண்டுதோறும் பெறாமலே போனால், இடைவெளி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே அறையில் மேசைகள்

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். பதினோராண்டே படித்த சீன ஆசிரியர்களுக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது?

லிப்பிங் மா இதையும் சோதித்தார். பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்களிடமும், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடமும் இதே வினாக்களைக் கேட்டார். அவர்களுக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. ஆனால் தேர்ந்த ஆசிரியர்களிடம் கண்ட ஆழம் இல்லை. ஆகவே அவ்வாழம் பள்ளியில் கிடைத்ததும் அன்று, பயிற்சிப் பள்ளியில் கிடைத்ததும் அன்று. பணிக்கு வந்த பிறகு கிடைத்தது. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மிக ஆழ்ந்த புரிதல் உடையவர்கள் என அவர் மதிப்பிட்டவர்கள் 72 பேரில் பத்தில் ஒரு பங்கினரே.

அவர்களிடம் நேரில் விசாரித்தபோது சில வழிகள் தெரிந்தன. பாடநூலை வரிவரியாக ஆராய்வது ஒன்று. இந்த எடுத்துக்காட்டை ஏன் முதலில் வைத்தார்கள், இந்தப் பயிற்சிக்கு ஏன் இந்த எண்களைக் கொடுத்தார்கள் என்று தோண்டித் துருவுவார்களாம். மாணவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது மற்றொன்று. ஒரே கணக்கைப் பல வழிகளில் தாமே போட்டுப் பார்ப்பது இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் உரமாக இருந்தது, உடன் பணியாற்றுபவர்களோடு ஓயாமல் நடத்திய உரையாடல்.

சீனப் பள்ளிகளில் 'கற்பித்தல் ஆராய்ச்சிக் குழு' என்ற அமைப்பு 1950-களிலிருந்தே உண்டு. ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அதன் உறுப்பினர்கள். லிப்பிங் மா கண்ட பள்ளிகளில் கணக்கு ஆசிரியர்கள் நாளொன்றுக்கு 45 நிமிட வகுப்புகள் மூன்று அல்லது நான்கு மட்டுமே நடத்தினர். எஞ்சிய நேரத்தில் ஒரே அறையில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து நோட்டுகளைத் திருத்தினர், பாடம் தயாரித்தனர். "என் வகுப்பில் ஒரு பையன் இப்படிப் போட்டிருக்கிறான், பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால், அது அறையிலுள்ள அனைவருக்கும் பாடமாகிவிடும். இளைஞர் ஒருவர் முதலாண்டில் சந்திக்கும் குழப்பத்தை மூத்தவர் இருபது முறை சந்தித்திருப்பார்.

இதற்கு மாறாக அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர், நாள் முழுவதும் ஒரே வகுப்பில் எல்லாப் பாடங்களையும் தனியாக நடத்துவது வழக்கம். கதவு மூடியிருக்கும். அவர் கண்டுபிடித்த நல்ல உத்தி அடுத்த அறைக்குத் தெரியாது. அவர் ஓய்வு பெறும்போது அவரோடு போய்விடும். நமக்கும் தெரியாத காட்சி அன்று இது. ஆசிரியர் அறையில் இருவர் பேசிக்கொண்டிருந்தால் வேலை நடக்கவில்லை என்று நினைக்கும் மேலதிகாரிகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள் அல்லவா!

பன்னிரண்டில் ஏழு போனால்

சீன வழக்கத்துக்கு உறவு போன்ற வழக்கம் ஒன்று ஜப்பானில் நூறாண்டுகளுக்கு மேலாக நிலவிவருகிறது. 'ஜுக்யோ கென்க்யூ' என்பது அதன் பெயர். 'பாட ஆய்வு' என்று பொருள். பிற நாட்டார் இதைக் கவனிக்கக் காரணமாக இருந்தவர்கள் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள். 1995-ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள் 231 ஒளிப்பதிவு செய்யப்பட்டன. அவற்றை ஆராய்ந்து இவர்கள் 1999-இல் நூல் எழுதினர். அமெரிக்க வகுப்பில் ஆசிரியர் முறையைச் சொல்லிக்கொடுக்க, மாணவர் அதே மாதிரிக் கணக்குகளைப் போட்டுத் தள்ளினர். ஜப்பானிய வகுப்பில் பெரும்பாலும் ஓரிரு கணக்குகளே பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொண்டன. மாணவர் முதலில் தாமே வழி தேடினர்.

பாட ஆய்வு நடைபெறும் விதம் இது. ஆசிரியர் சிலர் ஒன்றுகூடி ஒரே ஒரு பாடத்தை வாரக் கணக்கில் திட்டமிடுவார்கள். அவர்களில் ஒருவர் அதை வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரமாக நின்று குறிப்பெடுப்பார்கள். அவர்கள் கவனிப்பது ஆசிரியரையல்ல, பிள்ளைகளை. எவன் எங்கே விழித்தான், எவள் எதை அழித்துவிட்டு எதை எழுதினாள் என்பனவே குறிப்புகள். பள்ளி விட்டபின் கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். திருத்திய பாடத்தை வேறொருவர் வேறு வகுப்பில் நடத்துவார். பாடம் அனைவருடைய உழைப்பு ஆகையால், குறை சொன்னால் அது பாடத்தைச் சேரும், நடத்தியவரைச் சேராது. ஜப்பானிய முறையின் நுட்பமே இதுதான் என்பது என் கருத்து. மேலதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள்.

அவ்விருவரும் விவரித்துள்ள ஒரு குழு, ஒன்றாம் வகுப்புக்குக் கழித்தலைக் கற்பிக்கத் திட்டமிட்டது. எந்தக் கணக்கை முதலில் கொடுப்பது? நமக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. ஏதோ இரண்டு எண்கள்! அவர்களோ இதை நீண்ட நேரம் விவாதித்தனர்.

காரணத்தைப் பாருங்கள். 13 − 9 என்று கொடுத்தால், பெரும்பாலான பிள்ளைகள் பத்திலிருந்து ஒன்பதைக் கழித்து, வந்த ஒன்றோடு மூன்றைக் கூட்டிவிடுவார்கள். 12 − 3 என்று கொடுத்தால், 11, 10, 9 என்று பின்னோக்கி எண்ணிவிடுவார்கள். இரண்டிலும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வழியில் போய்விடுவார்கள். பேச எதுவும் இருக்காது. குழு தேர்ந்தெடுத்த கணக்கு 12 − 7. இதில் வழிகள் கிளைக்கின்றன. ஒரு பிள்ளை பத்திலிருந்து ஏழைக் கழித்து, வந்த மூன்றோடு இரண்டைக் கூட்டும். இன்னொரு பிள்ளை முதலில் இரண்டைக் கழித்துப் பத்துக்கு வந்து, பின் ஐந்தைக் கழிக்கும். வேறொன்று ஏழோடு எத்தனை சேர்ந்தால் பன்னிரண்டு என்று தேடும். விரல் விட்டு எண்ணும் பிள்ளையும் இருக்கும். எல்லாம் கரும்பலகையில் பக்கம் பக்கமாக ஏறும்போது, 'பத்து' என்பது எவ்வளவு வசதியான தங்குமிடம் என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். இரண்டே எண்கள், அவற்றுக்குப் பின்னால் இத்தனை சிந்தனை. தனியாக ஒருவர், முதல் நாள் இரவு, களைத்துப்போன நிலையில் இதையெல்லாம் எண்ணியிருக்க முடியுமா?

அளந்து பார்த்தபோது

கதை நன்றாகத்தான் இருக்கிறது. சான்று என்ன என்று அறிவியல் வாசகர்கள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துத் தேர்வுப் பதிவுகளைக் கொண்டு ஜாக்சன், புரூக்மன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்றாம் வகுப்பில் நான்கு பிரிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்றுக்குத் திறமை மிக்க ஆசிரியர் ஒருவர் புதிதாக வந்தால், மற்றப் பிரிவுப் பிள்ளைகளின் மதிப்பெண் என்னவாகும்? அவர் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதே இல்லை. ஆயினும் அவர்களுடைய மதிப்பெண்ணும் உயர்ந்தது! அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் வகுப்புகளில் இவ்விளைவு கூடுதலாகத் தெரிந்தது. அடுத்த மேசையில் இருப்பவரிடமிருந்து ஏதோ தொற்றிக்கொள்கிறது.

அனுபவம் தானாகவே ஆசிரியரைத் தேர்ச்சியடையச் செய்யும் என்று எண்ணுகிறோம். முதல் சில ஆண்டுகளில் அது உண்மை. பிறகு வளர்ச்சியின் வேகம் குறைந்துவிடுகிறது. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரி அன்று. கிராஃப்ட், பாப்பே என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்துழைப்பும் ஒழுங்கும் மிகுந்த பள்ளிகளில் பணியாற்றியவர்கள், அவை குறைந்த பள்ளிகளில் பணியாற்றியவர்களைவிடப் பத்தாண்டுகளில் நூற்றுக்கு 38 பங்கு கூடுதலாக முன்னேறியிருந்தனர்.

இனி எதிர்ச் சான்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பாட ஆய்வு முறையைப் பல தொடக்கப்பள்ளிகளில் புகுத்தி, அது புகுத்தப்படாத பள்ளிகளோடு ஒப்பிட்டனர். 2017-இல் முடிவு வெளிவந்தது. பதினோரு வயது மாணவரின் கணக்கு, வாசிப்புத் தேர்வுகளில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்த பள்ளிகளில் சிலவற்றிலும் ஆசிரியர்கள் ஏற்கெனவே ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும் வழக்கம் இருந்தது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் அதைச் சாக்காக மட்டும் கொண்டுவிடக் கூடாது. ஆசிரியர்களைக் கூட்டி உட்கார வைத்தால் போதும், கற்றல் தானே பெருகும் என்று நம்புவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை. கூட்டங்கள் நமக்குப் புதியவையா என்ன? பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தேநீர் அருந்திக் கலையும் கூட்டங்கள் எத்தனை! ஜப்பானிலேயே ஆசிரியர்களின் வேலைச்சுமை பெரும் சிக்கலாகியிருக்கிறது. 2018-இல் நடந்த பன்னாட்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதாகத் தெரிவித்தனர். நேரம் ஒதுக்காமல் ஒத்துழைப்பை மட்டும் கேட்டால், அது இன்னொரு சுமையாகவே முடியும்.

அப்படியானால் கூடிப் பேசுவதில் எது பயன் தருகிறது? இதற்கு ஓரளவு விடை தரும் சோதனை ஒன்று டென்னசி மாநிலத்தில் நடந்தது. அதன் முடிவுகள் 2020-இல் வெளியாயின. அம்மாநிலத்தில் ஆசிரியர்களின் பணியைக் கேள்வி கேட்டல், பாடத்தை ஒழுங்குபடுத்தல் என 19 திறன்களாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். சோதனைக்கு உட்பட்ட பள்ளிகளில், சில திறன்களில் பின்தங்கிய ஆசிரியரையும், அதே திறன்களில் சிறந்து விளங்கும் ஆசிரியரையும் இணையாகச் சேர்த்தனர். இருவரும் அதே பள்ளியில் பணியாற்றுபவர்கள். "இந்தக் குறிப்பிட்ட திறன்களில் ஆண்டு முழுவதும் சேர்ந்து உழையுங்கள்" என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வெளியிலிருந்து வல்லுநர் யாரும் வரவில்லை. தனிப் பாடத்திட்டமும் இல்லை. எந்தப் பள்ளியில் இதைச் செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்திருந்ததால், ஒப்பீடு நம்பத்தக்கது.

ஆண்டு முடிவில், பின்தங்கியிருந்த ஆசிரியர்களின் மாணவர்கள், இணை சேர்க்கப்படாத ஆசிரியர்களின் மாணவர்களைவிடத் திட்ட விலக்கத்தில் 0.12 பங்கு உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். புள்ளியியல் மொழியை விட்டுச் சொன்னால், நூறு பேர் வரிசையில் 50-ஆம் இடத்தில் இருந்த மாணவர் ஏறத்தாழ 45-ஆம் இடத்துக்கு முன்னேறியதற்கு இது சமம். இணை பிரிந்த அடுத்த ஆண்டிலும் அந்த ஆசிரியர்களின் முன்னேற்றம் குறையவில்லை. ஒருவருடைய குறைகளுக்கு நேராக இணையரின் நிறைகள் எவ்வளவு பொருந்தி அமைந்தனவோ, அவ்வளவுக்குப் பயனும் கூடியிருந்தது.